ஆத்தூரும் அலைகடலும்

சேலம் ஜில்லாவுக்குக் கடற்கரை கிடையாது. ஆத்தூரில் நின்றுகொண்டு எந்தத் திசையில் நோக்கினாலும் மலைதான் கண்ணில் படும். வடக்கே கல்வராயன் மலை. தெற்கே பச்சை மலை. தென்மேற்கே கொல்லி மலை. இப்படிப்பட்ட ஊரைப் பற்றி எழுத வந்துவிட்டுக் கப்பலையும் மாலுமியையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றால், "இதென்ன, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறீர்களே!" என்று நேயர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆத்தூருக்குப் புறப்படும்போது நாமும் கடலை நினைத்துக்கொண்டு புறப்படவில்லை. ஊரைச் சுற்றிப் பார்க்கப் பார்க்கத்தான், அந்த ஊரிலிருந்து கடலுக்கு ஒன்றன்று, நான்கு வழிகள் உண்டு என்று தெரிய வந்தது.

முதல் வழி, நாம் போன ரயில் பாதையே. சேலத்தில் வண்டி ஏறினால் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஏத்தாப்பூர் என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் செல்கின்றன. இரு மருங்கிலும் பாக்குத் தோப்புகள்; அவற்றுக்கு இடையே குச்சிக் கிழங்கு என்று இவ்வூரார் சொல்லும் மரவள்ளித் தோட்டங்கள். 1931-ல் மீட்டர் பாதையாகப் போடப்பட்டு, 2007-ல் அகலப் பாதையாக மாறிய இந்த இருப்புப் பாதை, ஆத்தூரையும் சின்னசேலத்தையும் கடந்து விருத்தாசலத்தை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே செல்லும் பாதையின் கோடியில் இருப்பது கடலூர் துறைமுகம்.

இரண்டாவது வழி, ஊருக்குப் பெயர் கொடுத்த ஆறு. ஆற்றூர் என்பதே ஆத்தூர் ஆயிற்று என்பார்கள். அந்த ஆறு வசிஷ்ட நதி. வருஷத்தில் பல மாதங்கள் அதில் மணலைத்தான் காணலாம். அதன் கரையிலே கெட்டி முதலிகள் கட்டிய பழைய கோட்டை நிற்கிறது. ஹைதர் அலியின் படைகளையும் கும்பெனியாரின் படைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 1792-ல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் கும்பெனியார் வசமாகிய கோட்டை அது. கோட்டைச் சுவரின் மேல் நின்று நதியைப் பார்க்கும்போது, 'இந்த மணல் ஓடை எங்கே போய்ச் சேரப் போகிறது?' என்று தோன்றுகிறது. ஆனால் அது போய்ச் சேரத்தான் செய்கிறது! கிழக்கே சென்று சுவேத நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெற்றுப் பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. சேலத்து இரும்புத் தாதுவை அந்தப் பரங்கிப்பேட்டையிலே உருக்கி இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுவதற்கென்று, 1830-ஆம் வருஷத்தை ஒட்டி ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஒரு கம்பெனியே நடத்தினார். ஆகவே இந்த நாட்டுப் பொருள் கடலைக் காண்பது புதிதல்ல.

மூன்றாவது வழியை நம்முடைய வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். அதுதான் ஜவ்வரிசி.

ஆத்தூரைச் சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. கிழங்கைத் தோலுரித்து அரைத்துப் பால் எடுக்கிறார்கள்; பாலைத் தொட்டிகளில் தெளிய வைத்து, அடியில் தங்கும் மாவைக் குலுக்கிக் குலுக்கி மணியாக்குகிறார்கள்; மணியை வறுத்துக் களத்திலே காயப் போடுகிறார்கள். வெயில் நேரத்தில் அந்தக் களங்களைப் பார்த்தால், மல்லிகை மொட்டுகளைக் கொட்டி வைத்ததுபோல் கண் கூசுகிறது. பாயசத்துக்கும் வடகத்துக்கும் நம் குடும்பங்கள் வாங்கும் ஜவ்வரிசியில் பெரும் பகுதி இந்த ஜில்லாவிலிருந்தே வருகிறது. 1981 முதல் ஆலைக்காரர்களுக்காக 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் சேலத்தில் இயங்கி வருகிறது.

இவ்வளவும் இரண்டாவது உலக மகாயுத்தத்தின் விளைவு என்பது நேயர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்கு முன்னால் ஜவ்வரிசி மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதே வருஷம் ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை வங்காள விரிகுடாவிற்குள் புகுந்து, சில தினங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட வியாபாரக் கப்பல்களை மூழ்கடித்தது. கப்பல் நின்றது, ஜவ்வரிசியும் நின்றது. அப்போது சேலத்து வியாபாரியான மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு, 1943-ல் மரவள்ளிக் கிழங்கிலிருந்து இங்கேயே ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார். சுதேசித் தொழில் ஒன்று பிறந்தது. அதை எண்ணி நாம் பெருமைப்படுகிறோம், பெருமைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அந்த யுத்தத்தில் மூழ்கிய வியாபாரக் கப்பல்களில் இருந்த மாலுமிகளை யார் நினைக்கிறார்கள்? பிரிட்டிஷ் கப்பல்களிலே வேலை செய்த இந்திய மாலுமிகளை 'லஸ்கர்' என்று அழைப்பார்கள். யுத்தம் தொடங்கிய காலத்தில் பிரிட்டிஷ் வியாபாரக் கப்பல்களின் சிப்பந்திகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் லஸ்கர். அவர்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் அந்த யுத்தத்தில் மாண்டனர். கப்பலின் அடித்தளத்தில் நெருப்புக்கு எதிரே நின்று கரி அள்ளிப் போட்டவர்கள் அவர்கள். வெள்ளை மாலுமிக்குக் கிடைத்த சம்பளத்தில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. அதைப் பொறுக்க முடியாமல் 1939-ல் பிரிட்டிஷ் துறைமுகங்களில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சம்பள விஷயத்தை இங்கே ஏன் சொல்கிறோம் என்பது சற்றுப் பின்னால் விளங்கும்.

நான்காவது வழி

நான்காவது வழி, ஆத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளே. காடு கழனியை நம்பியிருந்த குடும்பங்களிலிருந்து இன்று இளைஞர்கள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மாலுமிப் புத்தகம் பெற்றுக் கப்பலேறுகிறார்கள். உலகத்து மாலுமிகளில் சுமார் பத்தில் ஒருவர் இந்தியர் என்றால், அவர்கள் எல்லாரும் கடற்கரையில் பிறந்தவர்களாக இருக்க முடியாதல்லவா?

அப்படிக் கடலுக்குப் போய்த் திரும்பிய ஓர் இளைஞனின் வீட்டுக்கு நண்பர் ஒருவர் நம்மை அழைத்துச் சென்றார். பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். திண்ணையில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். தூர தேசத்துத் துறைமுகம் ஒன்றில் கப்பலைக் கரையோடு சேர்த்துக் கட்டும்போது பெரிய கயிறு அறுந்து அடித்ததில் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்ததாம். அங்கே ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, பிறகு விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கப்பலை விட்டு இறங்கிய தேதியோடு சம்பளம் நின்றது. இப்போது ஆள் சேர்த்து அனுப்பிய ஏஜெண்டிடமிருந்து இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்று வந்திருக்கிறது. ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, 'இனி எந்தப் பாத்தியதையும் கோரமாட்டேன்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

தாயார் அந்தத் தாளை நம் கையில் கொடுத்தார்.

"ஏனுங்க ஐயா, இதுல கையெழுத்துப் போடலாமுங்களா? போட்டா இந்தப் பணமாவது வரும்கிறாங்க. போடாட்டி இதுவும் வராதாம்."

தகப்பனார் குறுக்கிட்டார். "கயிறு தானா அறுந்துச்சு. அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க? ஏதோ தர்மத்துக்குக் கொடுக்கறாங்க. வாங்கிக்கிட்டுப் போக வேண்டியதுதானுங்களே!"

அந்தத் 'தர்மத்துக்கு' என்னும் வார்த்தை நம் மனத்தில் தைத்தது. அது தர்மமா, பாத்தியதையா? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாததனால் எத்தனையோ குடும்பங்கள் தமக்கு உரியதை இழந்திருக்கின்றன. ஆகையால் அன்று அந்த வீட்டில் சொன்னதையும், அதன் பின்னணியையும் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கப்பலில் நேரும் ஆபத்துக்கள்

கடல் விபத்து என்றவுடன் புயலும் பாறையும்தான் நம் மனக்கண் முன் நிற்கின்றன. அவையும் உண்டு. ஆனால் மாலுமியின் கையையும் காலையும் பறிப்பவை பெரும்பாலும் தினசரி வேலைகளே.

கவலை இறைத்த காலத்தில் வடம் அறுந்தால் என்ன ஆகும் என்பதை ஆத்தூர்ப் பெரியவர்கள் அறிவார்கள். கப்பலைக் கட்டும் கயிறு மனிதனின் கை பருமன் உள்ளது; பல்லாயிரம் டன் எடையுள்ள கப்பல் அதை இழுக்கிறது. செயற்கை நாரினால் ஆன கயிறு ரப்பரைப் போல் நீண்டு கொடுக்கும். தாங்க மாட்டாமல் அறும்போது, நீண்டதெல்லாம் ஒரு கணத்தில் சுருங்கிச் சாட்டையைப் போல் திரும்பி வரும். எதிரே நிற்பவன் விலகுவதற்கு நேரமே இராது.

இன்னொரு உவமையும் சொல்லலாம். பாழுங்கிணற்றில் இறங்குமுன் நம் குடியானவர்கள் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்க மாட்டார்கள். கப்பலின் மூடிய அறைகளும் அத்தகைய கிணறுகளே. இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. சரக்கு அறைகளிலே நிலக்கரியும் தானியமும் மரமும்கூட அதே காரியத்தைச் செய்கின்றன. காற்றைச் சோதிக்காமல் ஒருவன் இறங்கி விழுகிறான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுகிறான். இவற்றோடு சரக்கு அறைக்குள் தவறி விழுவது, யந்திர அறையில் தீப்பிடிப்பது, உயிர் காக்க வேண்டிய படகே இறக்கும்போது கவிழ்வது ஆகியவையும் சேர்ந்தால் மாலுமியின் பிழைப்பு எத்தகையது என்று விளங்கும்.

கடைசியில் சொன்னது வெறும் கற்பனையல்ல. 2012 அக்டோபர் 31-ஆம் தேதி 'நீலம்' புயல் வந்தபோது, 'பிரதிபா காவேரி' என்னும் எண்ணெய்க் கப்பல் சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டித் தரை தட்டியது. கப்பலில் இருந்தவர்கள் முப்பத்தேழு பேர். அவர்களில் ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். படகு கவிழ்ந்து ஆறு பேர் மாண்டார்கள். மற்றும் பலரை அந்தக் கரையின் செம்படவர்கள் காப்பாற்றினார்கள். அந்தக் கப்பலின் மாலுமிகளுக்குச் சம்பள பாக்கி இருந்ததென்றும், கப்பலில் போதிய உணவும் எண்ணெயும் இல்லையென்றும் அப்போது புகார் எழுந்தது. நகரத்து ஜனங்கள் வேடிக்கை பார்க்கும் தூரத்தில் நடந்த துர்ச்சம்பவம் அது.

சட்டம் வந்த கதை

காயம்பட்ட மாலுமியைக் கப்பலின் செலவில் குணப்படுத்த வேண்டும் என்பது புதிய விதி அல்ல. பிரான்சு தேசத்துக்கு மேற்கேயுள்ள ஓலரோன் என்னும் தீவின் பெயரால் வழங்கும் பழைய கடல் விதிகள், ஏறக்குறைய பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கப்பல் வேலையில் காயமடைந்தவனுக்குக் கப்பலே வைத்தியம் செய்ய வேண்டும் என்று அவை விதித்தன. கரையில் குடித்துச் சண்டையிட்டுக் காயம்பட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை என்றும் எச்சரிக்கையாகச் சொல்லி வைத்தன!

ஆனால் கூலி விஷயத்தில் பழைய நியாயம் கொடியதாகவே இருந்தது. சரக்குக் கூலி வந்தால்தான் ஆட்கூலி. கப்பல் மூழ்கினால் இரண்டும் மூழ்கியது என்பதே இங்கிலாந்தின் வழக்கம். 1854-ஆம் வருஷத்துச் சட்டம் அதைப் பாதி மாற்றியது. மூழ்கிய நாள் வரையில் கூலி கிடைத்தது. அதற்கு மேல் கிடையாது. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் 'டைட்டானிக்' முழுகியதும், உயிர் தப்பிய சிப்பந்திகளின் சம்பளக் கணக்கும் அத்துடன் முடிக்கப்பட்டது. பனிக்கடலில் தத்தளித்த நேரத்துக்குக் கூலி இல்லை! 1920-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஜினோவா நகரில் கூடி, கப்பல் மூழ்கினால் வேலை இழந்த மாலுமிக்கு இரண்டு மாதச் சம்பளம் வரையில் ஈடு கொடுக்க வேண்டும் என்று உடன்பாடு செய்தது. 1936-ல் நோயுற்ற, காயமுற்ற மாலுமிகளுக்குக் கப்பல் முதலாளியின் பொறுப்பு என்ன என்பதை வரையறுத்தது.

நம் நாட்டிலே 1923-ல் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. ஆலைத் தொழிலாளியோடு மாலுமியும் அதில் இடம் பெற்றான். நூறு வருஷங்களுக்கு மேல் நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின் சாரம், 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் அமலாகிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் இப்போது சேர்க்கப்பட்டிருக்கிறது.

அந்தச் சட்டத்தின் அடிப்படை என்ன? வேலையின் காரணமாக, வேலை செய்யும் நேரத்தில் விபத்து நேர்ந்தால், முதலாளியின் மேல் குற்றம் இருக்கிறதா என்ற விசாரணையே வேண்டாம். கயிறு தானாக அறுந்தாலும் நஷ்ட ஈடு உண்டு. தகப்பனாரின் சந்தேகத்துக்கு இதுதான் பதில். ஆத்தூர் ஆலையில் கிழங்கு அரைக்கும் யந்திரத்தில் விரலைக் கொடுத்த தொழிலாளிக்கும் இதே நியாயந்தான்.

ஈட்டுத் தொகையைக் கணக்கிடும் முறையும் தெரிந்திருக்க வேண்டியதே. மரணமானால் மாதச் சம்பளத்தில் பாதியையும், உடல் நிரந்தரமாக முற்றிலும் முடங்கினால் நூற்றுக்கு அறுபதையும், வயதுக்கேற்ப அட்டவணையில் கொடுத்துள்ள எண்ணால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு அதிகமாயினும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்ச அளவை 2020-ஆம் வருஷத்து அறிவிப்பு 15,000 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதன்படி முப்பது வயது மனிதனின் மரணத்துக்கு 15,59,850 ரூபாய். முழு முடக்கத்துக்கு 18,71,820 ரூபாய். கட்டைவிரல் போனால் முழு முடக்கத்துக்கு உரியதில் நூற்றுக்கு முப்பது. ஒரு கண் போனால் நாற்பது. இரு கைகளும் போனால் நூறு.

லஸ்கரின் சம்பளத்தைப் பற்றி முன்னால் சொன்னோம் அல்லவா? சம்பளத்தைக் கொண்டே அங்கத்தின் விலையை அளப்பது இச்சட்டங்களின் இயல்பு. குறைந்த கூலிக்காரனின் கை, சட்டத்தின் தராசில் குறைந்த கையாகிவிடுகிறது. கூலிக்காகப் போராடிய 1939-ஆம் வருஷத்து லஸ்கர்கள் தம் கை கால்களின் மதிப்புக்காகவும் போராடினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

மாலுமிக்கென்று 1923-ஆம் வருஷத்துச் சட்டம் தனியாகச் சில சலுகைகளைச் செய்தது. பொதுவாக நஷ்ட ஈடு கோருவதற்குக் காலக் கெடு, விபத்திலிருந்து இரண்டு வருஷம். கடலில் இறந்த மாலுமியின் குடும்பத்துக்கோ, மரணச் செய்தி கிடைத்த நாளிலிருந்துதான் ஒரு வருஷக் கெடு தொடங்கும். கப்பல் எல்லோருடனும் காணாமற் போனால், மூழ்கியதாகக் கருதப்படும் நாளிலிருந்து பதினெட்டு மாதம். கப்பலுக்குள்ளேயே விபத்து நேர்ந்தால், மாலுமி தனியாக நோட்டீசு கொடுக்க வேண்டியதில்லை. அயல் தேசத்தில் நீதிபதி முன்போ நம் நாட்டுத் தூதரக அதிகாரி முன்போ கொடுத்த வாக்குமூலத்தையும் இங்கே சாட்சியமாக ஏற்கலாம். நடுக்கடலில் நேர்ந்ததற்கு ஆத்தூரிலே சாட்சி தேட முடியாது என்பதைச் சட்டம் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பாத்தியதையை விட்டுக்கொடுத்துச் செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றும் அந்தச் சட்டம் கூறியது. மொத்தமாக ஒரு தொகைக்குச் சமரசம் செய்துகொண்டால், அதை நஷ்ட ஈட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். தொகை போதாது என்று கண்டால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். மரணத்துக்கான ஈட்டையோ, குடும்பத்தாரின் கையில் நேரே கொடுத்துவிட்டுத் தப்ப முடியாது. ஆணையரிடமே கட்ட வேண்டும். 1995-ல் வந்த திருத்தம் இன்னும் பெரிய உபகாரம் செய்தது. விபத்து நடந்த இடத்திலேதான் வழக்குப் போட வேண்டும் என்ற நிர்ப்பந்தம் போய், பாதிக்கப்பட்டவரோ அவருடைய குடும்பமோ வசிக்கும் இடத்து ஆணையரிடமும் மனுச் செய்யலாம் என்றாயிற்று. மாலுமிக்கு அயல்நாட்டில் விபத்து நேர்ந்தால், கப்பல் உடையவரோ ஏஜெண்டோ தொழில் நடத்தும் இடத்திலும் மனுச் செய்யலாம்.

கொடி யாருடையது?

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. இச்சட்டம் இந்தியாவில் பதிவான கப்பல்களை மனத்தில் வைத்துச் செய்தது. நம் பிள்ளைகளில் பலர் ஏறுவது அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களில். முதலாளி ஒரு தேசத்தவர். கப்பல் பனாமாவிலோ லைபீரியாவிலோ பதிவாகியிருக்கும். மாலுமிகள் பல தேசத்தவர். 2025 மே 25-ல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய 'எம்.எஸ்.சி. எல்சா 3' கப்பலின் கொடி லைபீரியாவுடையது. அதிலிருந்த இருபத்துநான்கு பேரில் ருஷ்யர், பிலிப்பைன்ஸ் நாட்டார், உக்ரேனியர், ஜார்ஜியர் எல்லாரும் உண்டு. தெய்வாதீனமாக அனைவரும் காப்பாற்றப்பட்டனர். 1906-ல் வ.உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது, நம் கடலில் நம் கப்பல் ஓட வேண்டும் என்றார். கொடி யாருடையது என்பது வெறும் அலங்காரமன்று என்று அவருக்குத் தெரியும். கப்பலில் பறக்கும் கொடியே அங்குள்ள சட்டத்தையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

அப்படியானால் அயல்நாட்டுக் கப்பலில் கால் முறிந்தவனுக்கு கதியில்லையா? உண்டு. 2006 பிப்ரவரியில் ஜினீவாவில் நிறைவேறிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2013 ஆகஸ்டு 20 முதல் உலகத்தில் அமலாகியது. 2015 அக்டோபரில் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி காயம்பட்ட மாலுமியின் வைத்தியச் செலவைக் கப்பல் முதலாளி ஏற்க வேண்டும். கப்பலில் இருக்கும் வரையில் முழுச் சம்பளம் தர வேண்டும். ஊருக்கு அனுப்பிய பிறகும், குணமாகும் வரையில், நாட்டுச் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ சொல்லும் அளவுக்குச் சம்பளம் உண்டு. இந்தப் பொறுப்பை நாட்டுச் சட்டம் வரம்பு கட்டலாம். ஆனால் அந்த வரம்பு பதினாறு வாரத்துக்குக் குறையக்கூடாது. ஆகவே, கப்பலை விட்டு இறங்கிய அன்றே அந்தப் பையனின் சம்பளத்தை நிறுத்தியதற்கு என்ன காரணம் என்று தைரியமாகக் கேட்கலாம்.

2017 ஜனவரி 18 முதல் அமலாகிய திருத்தம் இன்னும் தெளிவானது. மரணத்துக்கும் நீண்டகால ஊனத்துக்கும் ஒப்பந்தப்படி கொடுக்க வேண்டிய ஈட்டுக்கு, ஒவ்வொரு கப்பலும் இன்ஷூரன்ஸ் முதலிய ஜாமீன் வைத்திருக்க வேண்டும். ஜாமீன்தாரின் பெயரும் விலாசமும் கண்ட அத்தாட்சிப் பத்திரத்தை மாலுமிகள் கண்ணில் படும்படி கப்பலில் ஒட்டி வைக்க வேண்டும். ஒப்பந்தத் தொகையை முழுமையாகத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். அதற்குக் குறைந்த தொகையை வாங்கிக்கொள்ளும்படி நிர்ப்பந்திக்கக் கூடாது. ஊனம் எவ்வளவு என்று உடனே சொல்ல முடியாவிட்டால், கஷ்டப்படாமல் இருக்க இடைக்காலப் பணம் தர வேண்டும். அந்தப் பணத்தைப் பெற்றுக்கொள்வதனால் மற்றச் சட்டப் பாத்தியதைகள் போய்விடா. மாலுமியோ அவனுடைய குடும்பத்தாரோ நேரிலேயே கோரலாம்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னதும் தாயார் அந்தத் தாளை மடித்து வைத்தார். "அப்படீன்னா இது தர்மமில்லீங்களா?" என்றார். "இல்லை, அம்மா. உங்கள் பிள்ளையின் சம்பளத்தைப் போல் இதுவும் அவனுக்கு வரவேண்டிய பாக்கி" என்றோம். அவ்வளவில் விவகாரம் தீர்ந்துவிட்டதென்று நேயர்கள் நினைக்க வேண்டாம். பையனின் வேலை ஒப்பந்தத்தைத் தேடியபோது, நகல் ஒன்றுகூட வீட்டில் இல்லை! அதைப் பெறுவதற்கே முதல் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

கப்பலையே பிடிக்கலாம்

முதலாளி எங்கோ தூர தேசத்தில் இருக்கிறார். அவரை எப்படிப் பிடிப்பது? அவரைப் பிடிக்க முடியாவிட்டால் கப்பலைப் பிடிக்கலாம் என்கிறது சட்டம். 2018 ஏப்ரல் முதல் தேதி அமலாகிய 2017-ஆம் வருஷத்துக் கடல் வழக்குச் சட்டத்தின்படி, சென்னை உயர்நீதிமன்றம் உட்படக் கடற்கரை சார்ந்த உயர்நீதிமன்றங்கள், தம் எல்லைக்குட்பட்ட கடலில் நிற்கும் கப்பலை, அது எந்தக் கொடி பறப்பதாயினும், நிறுத்தி வைக்க உத்தரவிடலாம். கப்பலின் மேல் உள்ள கடன்களிலே மாலுமியின் சம்பளத்துக்கு முதலிடம். உயிர்ச் சேதத்துக்கும் உடற் காயத்துக்கும் அதற்கு அடுத்த இடம். கப்பலை அடமானம் வாங்கிய பெரிய பாங்கிகூட இவற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். காயத்துக்கான இந்தப் பிடிமானம் ஒரு வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்பதை மட்டும் மறக்கலாகாது. 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தவணை சொல்லும் ஏஜெண்டுகளுக்கு இந்தக் கெடு நன்றாகத் தெரியும்.

பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பும் குடும்பங்கள் செய்து வைக்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஆள் சேர்க்கும் ஏஜெண்டு, மும்பையிலுள்ள கப்பல் துறைத் தலைமை இயக்ககத்தின் லைசென்சு பெற்றவரா என்று முதலில் பார்க்க வேண்டும். வேலை வாங்கிக் கொடுப்பதற்கென்று மாலுமியிடம் கட்டணம் வாங்க அவருக்கு உரிமை இல்லை. கேட்டால் அங்கேயே எச்சரிக்கையாகிவிட வேண்டும். கையெழுத்திட்ட வேலை ஒப்பந்தத்தின் நகல், கப்பலின் பெயர், அதன் பதிவு எண், கொடி, ஜாமீன் பத்திரத்தின் படம் ஆகிய நான்கும் வீட்டில் இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் கைத் தொலைபேசியிலேயே படமெடுத்து அனுப்பிவிடலாம். விபத்து நேர்ந்தால், கப்பலின் தினக் குறிப்பில் அது பதிவாயிற்றா என்று பார்த்து, வைத்தியர் எழுதிய சீட்டுக்களைப் பத்திரப்படுத்தச் சொல்ல வேண்டும். மாலுமிகள் சங்கத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். பாத்தியதையை விடுவதாக எழுதிய தாள் வந்தால், வக்கீலிடமோ சங்கத்திடமோ காட்டாமல் கையெழுத்திடக் கூடாது. இந்தியக் கப்பலானால், சேலத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்திலேயே விசாரிக்கலாம். சென்னைக்கும் பம்பாய்க்கும் அலைய வேண்டியதில்லை.

வீட்டிலே நிலப் பட்டாவையும் நகைச் சீட்டையும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். கடலுக்குச் சென்ற பிள்ளையின் ஒப்பந்தத் தாள் அவற்றுக்குக் குறைந்த சொத்தல்ல. சட்டம் செய்தவர்கள் ஜினீவாவிலும் டில்லியிலும் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். அதைப் படித்துத் தெரிந்துகொண்டு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டியது நாம். கேட்பதற்கு நமக்குக் கூச்சம் வேண்டாம். கை கால்களை இழந்தவன் நீட்டுவது பிச்சைப் பாத்திரமன்று, கணக்குப் புத்தகம்.